வெடிப்பு யார் கணக்கில்?

பீங்கான் தொழிலில் தவறு நடக்கிற இடம் ஒன்று, அது தெரிய வருகிற இடம் வேறு. மண் கலவையில் நேர்ந்த பிசகு அச்சில் ஊற்றும்போது தெரியாது. அச்சில் நேர்ந்தது காய்கிறபோது கண்ணில் படாமல் போகலாம். எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு சூளைக்குப் போன சாமான், வெந்து ஆறி வெளியே வந்த பிறகுதான் வாயைப் பிளக்கும். அதற்குள் அது ஐந்தாறு பேர் கைமாறி வந்திருக்கும். யாரால் கெட்டது என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. ஆளுக்கொரு சந்தேகம் மட்டும் உண்டு. சூளைக்காரர் அச்சுக்காரரைப் பார்ப்பார். அச்சுக்காரர் மண் கலக்குகிறவரைப் பார்ப்பார். முதலாளி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதிதாக வந்த சூப்பர்வைசரைக் கூப்பிடுவார்.

அந்த சூப்பர்வைசருக்கு வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ இருக்கும். செராமிக் டிப்ளமாவை முடித்துவிட்டு நேரே வந்திருப்பார். அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே சூளையடியில் நிற்கிறவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதைப் பட்டறை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். பிடிகொடுக்காத மூத்த தொழிலாளிகளிடம் இளம் மேலாளர் எப்படி மரியாதை பெறுவது என்ற கேள்விக்கு மேலாண்மைப் புத்தகங்கள் ஏகப்பட்ட பதில் வைத்திருக்கின்றன. அவற்றில் எது விருத்தாசலம் போன்ற ஊரில் நிற்கும், எது நிற்காது என்று பார்ப்பதே இங்கே வேலை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழமலைநாதர் கோயிலாலும் ரயில் சந்திப்பாலும் பெயர் பெற்றிருந்த விருத்தாசலத்துக்குப் பீங்கான் ஊர் என்ற பெயரும் சேர்ந்ததற்கு மண்தான் காரணம். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் அடுக்குகளில் பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் உண்டு. அந்த மண்ணை நம்பி ஊரில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமா தரும் அரசுக் கல்வி நிலையமும் வந்தது. ப்யூஸ் கேரியர், மின்கம்பத்து இன்சுலேட்டர், கொலு பொம்மை, அகல் விளக்கு என்று இங்கிருந்து போகிற சரக்கு பலவகை. பெரும்பாலானவை சிறு பட்டறைகள். சுற்றுவட்டாரம் முந்திரியும் மணிலாவும் விளைகிற பூமி என்பதால் தொழிலாளிகளில் பலருக்கு ஒரு கால் பட்டறையில், ஒரு கால் கொல்லையில். மாசி மகத்தன்று முழு ஆஜர் கேட்கிற சூப்பர்வைசருக்கு மண்ணைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தாலும் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

சிறு பட்டறை என்பதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. வேலைநேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கச் சொன்ன 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைக் கருதி வந்தது. இருபது பேர், முப்பது பேர் வேலை செய்கிற இடத்தில் மெமோ கிடையாது, விசாரணைக் குழு கிடையாது, மனிதவளத் துறை கிடையாது. பெரிய கம்பெனியில் இளம் மேலாளர் முகத்தில் ஈயாடாமல் நின்றாலும் அவர் பின்னால் ஒரு காகிதக் கோட்டை இருக்கும். இங்கே அவர் தனியாள்.

நூறாண்டுக்கும் மேலான பேச்சு

பட்டறை ஒழுங்கைப் பற்றிய கதையே ஒரு குயவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1769-இல் எட்ரூரியா என்ற பெயரில் பீங்கான் தொழிற்சாலையைத் திறந்தபோது, வேலையாட்கள் நினைத்தபோது வருவதும் திருவிழா என்றால் மறைவதும் வழக்கமாக இருந்தது. மணியடித்து வேலைக்குக் கூப்பிட்டார், வருகையைக் குறித்தார், வேலையைக் கூறுகூறாகப் பிரித்தார். சரியில்லாத பாத்திரத்தைத் தன் மரக்காலால் உடைத்துப் போடுவார் என்று கதை உண்டு. கால் போனது 1768-இல், அது உண்மை. உடைத்ததெல்லாம் எவ்வளவு தூரம் உண்மையோ! கதையில் கவனிக்க வேண்டியது வேறு. சிறு வயதிலேயே சக்கரத்தில் உட்கார்ந்து வேலை பழகியவர் அவர். உடைத்தாலும் எதற்கு உடைக்கிறார் என்பது எதிரே நின்றவனுக்கு விளங்கியிருக்கும். படித்துவிட்டு வருகிற இருபத்திரண்டு வயதுக்காரரிடம் அந்த மூலதனம் கிடையாது.

அடுத்து வருகிறவர் ஃபிரெடரிக் டெய்லர். அறிவியல் முறை மேலாண்மை என்றதும் எல்லோரும் ஸ்டாப்வாட்சை நினைப்பார்கள். ஆனால் அதற்கு முன்பு அவரே ஓர் இளம் ஃபோர்மேன். பிலடெல்பியாவின் வசதியான குடும்பத்துப் பிள்ளை, 1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் கூலியாளாகச் சேர்ந்து, கொஞ்ச நாளிலேயே கடைசல் பட்டறைக்கு ஃபோர்மேன் ஆனார். நேற்றுவரை கூட நின்று வேலை செய்தவர்கள், வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கெடுபிடி செய்யாதே என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். இனி நான் நிர்வாகத்தின் ஆள் என்று டெய்லர் முகத்துக்கு நேரே பதில் சொன்னார். சுமார் மூன்று வருஷம் சண்டை நடந்தது. எந்திரங்கள் உடைந்தன. உடைத்தவர்களிடம் அபராதம் பிடித்தார். கடைசியில் அவர் வென்றார், உற்பத்தியும் கூடியது. ஆனால் 1912-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் அந்த நாட்களைப் பற்றிச் சொன்னபோது வெற்றிக் களிப்பு இல்லை. எந்தத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்தாலும் பகையே தெரிகிற வாழ்க்கை ஒரு வாழ்க்கையா என்ற கருத்தில்தான் பேசினார்.

டெய்லர் அந்தச் சண்டையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை நியாயம் என்று நிர்வாகத்துக்கே தெரியாததால்தான் சண்டை வருகிறது என்பது. நோய் என்னவென்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். மருந்துதான் தொழிலாளியின் கையிலிருந்த அறிவை உருவி ஆபீஸ் அலமாரியில் வைப்பதாக அமைந்துவிட்டது. சூளைக்காரர் தீயின் நிறத்தை எட்டிப் பார்த்தே சூட்டைச் சொல்கிறார் என்றால், இந்த வழியில் போகிற சூப்பர்வைசர் முதல் காரியமாக அவரைக் கேள்வி கேட்டுக் குறிப்பு நோட்டை நிரப்பப் பார்ப்பார். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. பாதியைச் சொல்லிப் பாதியை வைத்துக்கொள்வார். தன்னிடம் மிச்சமிருக்கிற ஒரே சொத்து அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

மேக்ஸ் வெபர் அதிகாரத்தை மரபு, ஆளுமைக் கவர்ச்சி, சட்டம் என்று மூன்றாகப் பிரித்ததும், 1959-இல் பிரெஞ்ச், ரேவன் என்ற இரு உளவியலாளர்கள் அதிகாரத்தின் ஊற்றுகளைப் பரிசு, தண்டனை, பதவி, நிபுணத்துவம், ஈர்ப்பு என்று ஐந்தாக எண்ணியதும் எல்லா மேலாண்மை வகுப்பிலும் ஒப்பிக்கப்படுகிறவை. எண்ணி வைத்தது உதவிதான். ஆனால் நிபுணத்துவம் என்பதைச் சூப்பர்வைசரின் பையில் போடுவதா, சூளைக்காரரின் பையில் போடுவதா என்பதுதான் நம் பிரச்சினை. அதற்கு இந்தப் பட்டியல்களில் விடை இல்லை.

விடைக்கு நெருக்கமாக வந்தவர் ஆல்வின் கூல்ட்னர். அமெரிக்காவில் ஜிப்சம் வெட்டி எடுக்கும் சுரங்கமும் அதோடு சேர்ந்த ஆலையும் இருந்த இடத்தில் ஆராய்ந்து 1954-இல் அவர் வெளியிட்ட புத்தகம், புதிய மேலாளரின் கதைதான். ஜிப்சம் என்றால் நமக்கு அந்நியமும் இல்லை. அச்சு வார்க்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் தாய்ப்பொருள் அது. பழைய மேலாளர் கண்டும் காணாமல் இருந்தவர். சற்று முன்பின் வந்தால் கேட்கமாட்டார். வீட்டு ரிப்பேருக்குப் பலகை எடுத்துப் போனால் சும்மா விடுவார். மீன் பிடிக்க டைனமைட் எடுத்துப் போனால்கூடப் பெரிதாக ஒன்றும் நடக்காது. புதியவர் வந்தார். உற்பத்தியைக் கூட்டு என்று தலைமையகம் சொல்லி அனுப்பியிருந்தது. அவருக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. யாரிடமும் பேசி விஷயத்தை அறிய முடியாதவருக்குச் சட்டப் புத்தகம் மட்டுமே துணை. விதிகளைக் கெட்டியாகப் பிடித்தார், ஆட்களை மாற்றினார். தொழிலாளிகள் பழையவரைத் தெய்வமாக்கிப் பேச ஆரம்பித்தார்கள். மனக்கசப்பு முற்றி, சங்கத்தின் முறையான அனுமதி இல்லாமலேயே வேலைநிறுத்தம் வரை போனது.

கூல்ட்னர் சொன்னவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, எல்லா விதியும் ஒரே ஜாதி அல்ல. புகை பிடிக்கக் கூடாது என்ற விதியை அங்கே இரு தரப்பும் மதிக்கவில்லை. தீயணைப்பு ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் சேர்ந்தே மதித்தார்கள். பாதுகாப்பு விதியை இரு தரப்பும் மதித்தன. வராமல் நின்றவனைத் தண்டிக்கிற விதி மட்டும் ஒரு தரப்பின் ஆயுதமாக இருந்தது. புதியவர் எந்த விதி எந்த வகை என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் அமல்படுத்தப் போனால் வம்புதான். இன்னொன்று, மேற்பரப்பு ஆலைக்காரர்கள் புதிய கெடுபிடிக்கு ஒருவாறு பணிந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் பணியவில்லை. உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறவனுக்கு மேலே இருப்பவன் எதைச் சொல்லிப் புரிய வைப்பது? ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் எரிகிற சூளையின் முன்னால் ராத்திரி ஷிப்ட் நிற்கிறவரின் மனநிலையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வில்லியம் ஃபூட் வைட் 1940-களில் சிகாகோ ஓட்டல்களைப் பார்த்தார். பரிமாறுகிற பெண்கள் வாய்விட்டு ஆர்டர் சொன்னால் சமையற்காரர்களுக்கு எரிச்சல். தங்களைவிடத் தாழ்ந்தவள் தங்களை ஏவுகிறாள் என்ற நினைப்பு. ஆர்டரைச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்தி வைக்கிற ஏற்பாடு வந்த இடங்களில் எரிச்சல் குறைந்தது. சொன்னது யார் என்பது மறைந்து, சொல்லப்பட்ட வேலை மட்டும் நின்றது. இளையவர் மூத்தவருக்கு உத்தரவிட வேண்டிய எல்லா இடங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். "அண்ணே, இன்னைக்கு மூணாவது அடுக்குல இன்சுலேட்டர் வைக்காதீங்க" என்று பத்துப்பேர் எதிரே சொல்வதும், லோடிங் பலகையில் எழுதி வைப்பதும் ஒரே விஷயம்தான். காது வேறு மாதிரி கேட்கும்.

எட்வின் ஹாலண்டர் 1958-இல் சொன்னது கணக்கு வழக்கு மாதிரி. ஒரு குழுவுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் அந்தக் குழுவின் வழக்கத்தை மதித்து, வேலையில் கைதேர்ந்தவர் என்று காட்டிச் சேமிப்புக் கட்ட வேண்டும். மாற்றம் கொண்டுவருவது என்பது அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. வந்த அன்றே எடுக்கப் போனால் கணக்கில் ஒன்றும் இருக்காது. லிண்டா ஹில் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் முதன்முறை மேலாளரான பத்தொன்பது பேரை முதல் வருஷம் முழுக்கத் தொடர்ந்து பார்த்தார். பதவி கிடைத்துவிட்டது, இனிச் சொன்னால் நடக்கும் என்றுதான் அவர்கள் தொடங்கினார்கள், நடக்கவில்லை. பதவியின் அதிகாரம் எவ்வளவு சின்னது என்ற அதிர்ச்சியில்தான் அவர்களின் உண்மையான படிப்பு ஆரம்பமானது.

நம் பக்கத்தில்

மேற்கே எழுதியவர்களுக்குத் தெரியாத ஓர் ஆள் நம் பட்டறைகளில் இருந்தார்: மேஸ்திரி. ஆள் பிடிப்பவர், வேலை தருபவர், கடன் தருபவர், திட்டுபவர் எல்லாம் அவரே. 1929-இல் அமைக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன், வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரத்தை இந்த இடைத்தட்டு ஆட்களிடமிருந்து பிடுங்கச் சொன்னது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. பெரிய ஆலைகளில் மேஸ்திரியின் பல் பிடுங்கப்பட்டது. சிறு பட்டறைகளில் அவர் வேஷம் மாறிவிட்டார். சூளைக்காரரே தன் ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்திருந்தால், அவரைப் பகைப்பது ஒருவரைப் பகைப்பது ஆகாது. மறுநாள் காலையில் ஐந்து பேர் வரமாட்டார்கள்.

மரியாதைக்குறைவுக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளி எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு 1918-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, திரு.வி.க. அதில் முன்னால் நின்றார். அதில் சேர்ந்த பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் கூலியோடு கூடவே, சாப்பிடக்கூட நேரம் போதாத இடைவேளையும் மேலாட்கள் நடத்துகிற விதமும் இருந்தன.

இந்திய ஆய்வாளர்களில் ஜெய் பி.பி. சின்ஹா 1980-இல் எழுதிய புத்தகத்தை இந்தக் கேள்விக்கு விடாமல் படிக்க வேண்டும். மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்கிற சரிநிகர் ஜனநாயகத் தலைவர் இங்கே எடுபடமாட்டார், அதட்டுகிற எஜமானரும் பயன்படமாட்டார் என்றார் அவர். வேலையில் கறார், ஆளிடம் பாசம், அதிலும் வேலை நடக்கிற அளவுக்குப் பாசம் என்ற வகையில் இருப்பவரே பொருந்துவார் என்பது அவர் முடிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அடிப்படையில் வீட்டுப் பெரியவரின் படிமம். இருபத்திரண்டு வயதுப் பையன் ஐம்பது வயதுக்காரரிடம் பாசம் காட்டித் தட்டிக்கொடுத்தால் அது சிரிப்பாகிவிடும். சின்ஹாவின் தலைவருக்கு நரைத்த தலை இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

ஷரத் சாரி 2004-இல் திருப்பூரைப் பற்றி எழுதியது வேறு கோணம். அங்கே பனியன் முதலாளிகளாகிய கவுண்டர்களில் பலர் உழைப்பாளிகளாக இருந்து மேலே வந்தவர்கள். நானும் நின்று உழைத்தவன் என்பதையே தங்கள் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். திருப்பூர் முதலாளி எந்திரத்தை நிறுத்திக் கையால் தொட்டுக் காட்டுவார், அதற்கு மேல் பேச்சில்லை. டிப்ளமாக்காரரால் இந்த வழியில் பாதி தூரம் போகலாம். பயிற்சிக் காலத்தில் அச்சு ஊற்றியிருப்பார், சாமானைத் தேய்த்திருப்பார், சூளையில் அடுக்கியிருப்பார். ஆனால் முதல் மாதத்தில் எல்லோருக்கும் முன்னால் செய்து காட்டுகிறேன் என்று இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. முப்பது வருஷக் கைக்கு முன்னால் மூன்று வருஷக் கை எப்படியும் தோற்கும்.

கீர்ட் டி நேவ் பவானியிலும் குமாரபாளையத்திலும் நெசவுத் தொழிலைப் பார்த்து எழுதியது நம் முதலாளிகள் அவசியம் அறிய வேண்டியது. ஆளைக் கட்டிப்போடத்தான் முதலாளிகள் பாக்கி என்ற பெயரில் முன்பணம் கொடுத்தார்கள். ஆள் கட்டுப்படவில்லை. பாக்கியை வாங்கிக்கொண்டு வராமல் நின்றார்கள். வேறொரு முதலாளியிடம் அதிகப் பாக்கி வாங்கிப் பழையதை அடைத்துவிட்டுப் போனார்கள். பணத்தைக் கொடுத்து விசுவாசத்தை வாங்கலாம் என்ற நினைப்பு தறிக்கூடத்திலேயே பொய்த்தது. பீங்கான் பட்டறையில் பாக்கி கொடுக்கிறவர் முதலாளி, வேலை வாங்க வேண்டியவர் சூப்பர்வைசர். முதலாளிக்குக் கடன்பட்டவன் சூப்பர்வைசருக்கு எதற்கு மரியாதை தர வேண்டும்?

வெடிப்பின் விளிம்பு

இவ்வளவு பேரும் பேசியது பெரும்பாலும் மேலாளர் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி. பீங்கான் பட்டறையில் அதைவிட முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. சாமான் கெட்டால் பழி யார் தலையில் விழுகிறது? படித்துவிட்டு வந்தவரிடம் உண்மையில் புதிதாக இருக்கிற சரக்கு, இந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்த்து விடை சொல்லும் திறமைதான். அது கூச்சலுக்கும் சந்தேகத்துக்கும் நடுவே வைக்கிற சாட்சி.

வெடித்த ப்யூஸ் கேரியர் ஒன்றைக் கையில் எடுத்து வெடிப்பின் விளிம்பை நகத்தால் தடவினால் போதும். விளிம்பு மழுங்கி, மேலே பூசிய கிளேஸ் உள்ளே இறங்கி வழவழப்பாக இருந்தால், கிளேஸ் உருகுவதற்கு முன்பே வெடிப்பு இருந்திருக்கிறது. காயவைத்ததிலோ, அச்சிலிருந்து எடுத்ததிலோ, ஆரம்பச் சூட்டை அவசரமாக ஏற்றியதிலோ காரணத்தைத் தேட வேண்டும். விளிம்பு கையைக் கீறும் அளவுக்குக் கூராக இருந்தால், கிளேஸ் இறுகிய பிறகு, ஆறும்போது வெடித்தது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகத்தின் அமைப்பு மாறும். ஆறுகிற சாமானில் அது சட்டென்று சுருங்கும். அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் சாமான் தாங்காது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். ஒரே வகைச் சாமானில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி வெடிப்பு வந்திருந்தால் அச்சைச் சந்தேகிக்க வேண்டும். சூளையின் ஒரு பக்கத்தில் அடுக்கிய எல்லா வகைச் சாமானிலும் வந்திருந்தால் தீயைச் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒரு லோடில் கால்வாசி வெடித்துவிட்டது. விளிம்பு கூர்மை. எல்லோர் கண்ணும் சூளைக்காரர் மேல். பொதுவாக எதற்கும் பிடிகொடுக்காத, புதிய சூப்பர்வைசரைப் பார்த்தால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிற மனிதர் அவர். சூளையைச் சீக்கிரம் திறந்துவிட்டார் என்பது நிஜம். ஏன் திறந்தார்? சாயங்காலம் லாரி வருகிறது, சரக்கு போயாக வேண்டும் என்று ஆபீஸிலிருந்து சொன்னதால் திறந்தார். இதை முதலாளியிடம் சூப்பர்வைசர் சொல்கிறாரா, விழுங்கிவிடுகிறாரா? டெய்லருக்கு மூன்று வருஷச் சண்டையில் கிடைக்காதது இந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிடலாம். அச்சு விஷயமும் அப்படித்தான். பிளாஸ்டர் அச்சு ஓரளவுக்கு மேல் தண்ணீர் குடிக்காது. தேய்ந்த அச்சில் ஊற்றினால் சுவர் கனமும் சீராக வராது. ஐப்பசி மழையில் அச்சு காய்வதே பெரும்பாடு. புது அச்சு வாங்கித் தராமல் ஊற்றுகிற பெண்ணைக் கடிந்துகொள்வதில் என்ன நியாயம்?

எண்ணிக்கைக் கூலி உள்ள இடத்தில் இது வெறும் மனவருத்தமாக நிற்பதில்லை. சூளையிலிருந்து நல்லதாக வெளிவந்த சாமானுக்கு மட்டும் கூலி என்று வைத்தால், தீயின் தவறுக்கு அச்சுக்காரி பணம் கட்டுகிறாள். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே இதில் தெளிவாக இருந்தது: ஒருவரிடம் ஒப்படைத்த பொருள் அவருடைய அசட்டையாலேயே நேரடியாகக் கெட்டது என்றால்தான் கூலியில் பிடிக்கலாம், அதுவும் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. சிறு பட்டறையில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். விளிம்பைத் தடவிப் பார்க்கத் தெரிந்த சூப்பர்வைசர் பார்க்கலாம்.

அவருக்குத் துணையாக ஒரு பழைய சாமானும் உண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் செகர் 1886-இல் உருவாக்கிய கூம்பு. குறிப்பிட்ட சூடும் நேரமும் சேர்ந்தால் தலைசாயும் சின்னக் களிமண் துண்டு. சூளை திறந்ததும் கூம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம். வைட் பார்த்த ஓட்டலில் சீட்டு குத்திய கம்பி செய்த வேலையை இங்கே கூம்பு செய்கிறது. இளையவர் மூத்தவரைக் குறை சொல்லவில்லை, கூம்பு சொல்கிறது. சூளைக்காரர் கண்ணால் சொன்ன சூடும் கூம்பு சொன்ன சூடும் பலமுறை ஒத்துப்போகும். ஒத்துப்போகிற அன்று அதை நாலு பேர் எதிரே சொல்கிற சூப்பர்வைசர் புத்திசாலி. ஒத்துப்போகாத அன்று தனியாகக் கூப்பிட்டுக் காட்டினால் போதும்.

தவறு உண்மையிலேயே சூளைக்காரருடையது என்றால் மழுப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மூடி போடுகிற சூப்பர்வைசரையும் பட்டறை மதிக்காது. நம்மைக் காப்பாற்றுகிறார் என்பது முதல் வாரத்தில் இனிக்கும். அடுத்த வாரத்திலேயே, கெடுத்தவனையும் காப்பாற்றுகிறார் என்று ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

பிடிகொடுக்காதவர்கள் பலவகை

அறிவைப் பூட்டி வைத்துக்கொள்ளும் மூத்தவரைப் பற்றி மேலே பேசியாயிற்று. அவர்தான் பார்க்கப் பயங்கரம், உண்மையில் சமாளிக்க எளிது, ஏனென்றால் அவருக்கு வேலை மேல் பற்று உண்டு. முதலாளியின் சொந்தக்காரர் என்ற வகை இன்னும் கஷ்டம். அவரிடம் சூப்பர்வைசர் எதைச் சொன்னாலும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வேறு உருவில் முதலாளி காதுக்குப் போகும். குடித்துவிட்டு வருகிறவரைச் சூளைப் பக்கம் விடக் கூடாது. இதில் கருணைக்கு இடமில்லை, பக்கத்தில் நிற்கிறவன் உயிர் சம்பந்தப்பட்டது.

சாமான் தேய்க்கிற, துடைக்கிற, வண்ணம் தீட்டுகிற பெண்களின் வரிசையை இளம் மேலாளர்கள் பிரச்சினையாகவே கணக்கில் எடுப்பதில்லை, அவர்கள் வாய் திறக்காததால். உண்மையில் எந்த அச்சு தேய்ந்திருக்கிறது, எந்தக் கலவை அன்றைக்கு மாறியிருக்கிறது என்று முதலில் விரலுக்குத் தெரிவது அவர்களுக்கே. கேட்டால் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. சூப்பர்வைசரே இளம்பெண் என்றால் கணக்கு இன்னொரு மடங்கு சிக்கல். கிண்டலும் அதற்கு மேலும் வரும். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடமானாலும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்க அது வழி வைத்திருக்கிறது. மரியாதை பெறுவது எப்படி என்ற பாடத்தை அவருக்குச் சொல்வதற்கு முன்னால் இந்த வழியைச் சொல்ல வேண்டும்.

சாதியைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை எழுதுவது பாதிக் கேள்வியை எழுதுவது. மூத்தவர் ஒருவரை "வாங்க, போங்க" என்றும், அதே வயதுள்ள இன்னொருவரை "வா, போ" என்றும் கூப்பிடுகிற பழக்கம் பட்டறைக்குள் ஊரிலிருந்தே வருகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: சூப்பர்வைசர் எந்தத் தெருக்காரர் என்று விசாரித்த பிறகே எவ்வளவு பணிவது என்று முடிவு செய்கிறவர்கள். மரியாதையை உழைத்துச் சம்பாதிக்கலாம் என்கிற மேல்நாட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆரம்ப இருப்பு எல்லோருக்கும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கின்றன. நம் ஊரில் சிலர் கடனோடுதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். அப்படிப்பட்ட இளைஞருக்கு வெடிப்பின் விளிம்பு போன்ற, யார் சொன்னாலும் மாறாத சாட்சிகள் இன்னும் அதிகம் தேவை. எல்லோரையும் ஒரே மாதிரி "வாங்க" என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர், பட்டறையில் யாரும் கேட்காத ஒரு மாற்றத்தை முதல் நாளே கொண்டுவந்துவிடுகிறார். அதற்குச் சேமிப்பு தேவையில்லை என்று ஹாலண்டரோடு இந்த ஓர் இடத்தில் நான் சண்டை போடுவேன்.

மிச்சமிருப்பவர் முதலாளி. ஆய்வுகளில் பெரும்பாலானவை அவரைத் தொலைதூரத் தலைமையகமாகவே காட்டுகின்றன. விருத்தாசலத்தில் அவர் பத்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சூப்பர்வைசரைத் தாண்டி நேரே சூளைக்காரரிடம் போய், "என்னப்பா, இன்னும் திறக்கலையா?" என்று கேட்கிற முதலாளி, தான் சம்பளம் கொடுத்து வைத்த ஆளைத் தானே காலி செய்கிறார். வேண்டுமென்று செய்வதில்லை, பத்து வருஷமாக அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறார். அதனால் இளம் சூப்பர்வைசர் வேலைக்குச் சேருகிற அன்று சம்பளத்தைப் பேசுகிற கையோடு இன்னும் மூன்று விஷயங்களைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சூளையைத் திறக்கிற நேரத்தை யார் தீர்மானிப்பது, ரிஜெக்ஷன் ஆன சாமானைப் பார்த்துக் காரணம் எழுதுகிறவர் யார், அந்தக் காரணம் எழுதப்படுவதற்கு முன்னால் யார் கூலியிலும் கை வைப்பதில்லை என்று முதலாளி ஒப்புக்கொள்கிறாரா. மூன்றுக்கும் பதில் வாங்காமல் சேர்ந்தவர், சூளைக்காரரை எவ்வளவு நயமாக நடத்தினாலும் அடுத்த லாரி வருகிற சாயங்காலம் வரை மட்டுமே சூப்பர்வைசர்.